ஆறாயிரத்து நாற்பத்துமூன்றின் இடப்பக்கம்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பல் தேய்த்தேன். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினேன். பால் காய்ச்சினேன். அத்தைக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டம்ளர், எனக்கு ஒன்று. இரண்டு துண்டு ரொட்டி தின்றேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு முடித்த பிறகுதான் இன்று சனிக்கிழமை, அலுவலகம் இல்லை என்று நினைவு வந்தது. போட்ட இஸ்திரியை வீணாக்குவானேன் என்று அதையே உடுத்திக்கொண்டேன்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. மகள் போன பிறகு, எட்டு மாதமாக என்னோடு இருக்கிறார். யார் யாரைப் பார்த்துக்கொள்ள என்பது எங்கள் இருவருக்குமே தெளிவில்லை.

"அந்தப் பெட்டியை இன்னும் பிரிக்கலையா மாப்ளே?"

"பிரிக்கணும்."

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து மேசை மேலயே கிடக்கு. உள்ள என்ன, பாம்பா இருக்கு?"

உள்ளே இருந்தது ஒரு டீசல் இஞ்சின். நிஜ இஞ்சினில் எண்பத்தேழில் ஒரு பங்கு.

மாதிரி ரயில் சேர்ப்பவர்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை வருகிறது. புதிதாக ஏதாவது இஞ்சின் வந்தால், அது நிஜத்தைப் போல இருக்கிறதா, எங்கே பிசகுகிறது என்று அதில் எழுதுவேன். நான் எழுதுவேன் என்பது பாதி உண்மை. என் மனைவி ரயில் இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் டீசல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்தாள். மாதிரியைக் கையில் வாங்கி ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, "கூரை விசிறிக்கு ஒரு இறக்கை கம்மி" என்பாள். எண்ணிப் பார்த்தால் கம்மியாகத்தான் இருக்கும். அதை நான் எழுதுவேன்.

இந்த இஞ்சின் அவள் எடுத்த அளவுகளை வைத்துச் செய்தது. ஷெட்டில் பதினோரு நாள், சாப்பாட்டு இடைவேளையில் டேப்போடு ஏறி இறங்கி, ஒரு நோட்டு நிறைய எழுதிப் பல்லுக்காரரிடம் கொடுத்தாள். பல்லுக்காரரின் தொழில் பல்செட் செய்வது. அச்சு எடுக்கும் கை அது. "இருபது வருஷமா பல்லு செய்யறேன், ஒருத்தரும் வாயைத் திறந்து பாராட்டினதில்ல" என்று சொல்லித்தான் இஞ்சின் பக்கம் வந்தார். இரண்டு வருடம் செதுக்கினார். நோட்டையும் மாதிரியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை, பிரதிகளை வார்ப்பதற்கான இரும்பு அச்சு வெட்டப் போகிறார்கள். வெட்டிவிட்டால் பிறகு கை வைக்க முடியாது. சனிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன், நீங்கள் சொல்லும் திருத்தத்தைப் போட்டுக்கொண்டு வெட்டக் கொடுக்கிறேன் என்று கடிதம் வைத்திருந்தார்.

அளவில் தப்பு இருந்தால் அது அவருடையது, அல்லது அவளுடையது. அவர் தப்பை நான் முன்பும் கண்டுபிடித்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். அவள் தப்பை நான் இதுவரை தேடியதில்லை. பெட்டி மேசையிலேயே கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

பிரித்தேன்.

முதலில் கையில் எடுக்கவில்லை. குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தேன். மோசமான மாதிரிகள் மேலேயிருந்து பார்த்தால் நன்றாக இருக்கும். தண்டவாள மட்டத்திலிருந்து பார்த்தால் பொம்மையாகிவிடும். இது ஆகவில்லை. முகப்பு சற்றே பின்னால் சாயும் அந்த இரண்டு டிகிரி அப்படியே இருந்தது. பெரும்பாலானவர்கள் நிமிர்த்திவிடுவார்கள். இஞ்சினுக்கு ராணுவக்காரன் களை வந்துவிடும்.

பக்கவாட்டுக் காற்றுத் திறப்புகளை லென்ஸில் எண்ணினேன். எண்ணிக்கை சரி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே நிழல் இருந்தது. கோடு கிழித்து ஏமாற்றவில்லை. கூரை விசிறியை ஊதினேன், சுற்றியது. பெட்ரோல் பங்க் ரசீது தடிமன்கூட இல்லாத தகட்டில் இறக்கைகள். ஓட்டுநர் அறையின் கதவுக் கீல் மூன்று, அதில் நடுக்கீல் கொஞ்சம் மேலே தள்ளி. நிஜத்திலும் அப்படித்தான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. பிரேக் குழாய் தொங்கும் வளைவில்கூடப் பொய் இல்லை. ரப்பர் தன் கனத்தில் தொங்கும் வளைவு அது. கம்பியை வளைத்தால் அப்படி வராது. எப்படிச் செய்தார் என்று எனக்குப் புரியவில்லை.

மேசையில் ஒரு மீட்டர் தண்டவாளம் வைத்து ஓட்டினேன். அந்த ஒரு மீட்டரைக் கடக்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒரு துள்ளல் இல்லை.

"ஓடுதா?" என்றார் அத்தை, கதவருகிலிருந்து.

"ஓடுது."

"இவ்வளவு மெதுவா ஓடினா யாரு ஏறுவா?"

"மெதுவா ஓடறதுதான் கஷ்டம் அத்தை."

"எனக்கும் முட்டி வலியிருக்கு. தெரியும்" என்று போனார்.

பிறகு வெர்னியர் அளவியை எடுத்தேன். தொழிற்சாலை வரைபடத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. நீளம், அகலம், சக்கர இடைவெளி எல்லாம் சரி. கடைசியாக நடைபாதைத் தகட்டின் மேல் ஓடும் கைப்பிடிக் கம்பி. தகட்டிலிருந்து வலப்பக்கம் 12.64 மில்லிமீட்டர். இடப்பக்கம் 12.05.

மறுபடியும் வைத்தேன். 12.05.

வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே உயரம். நிஜத்தில் 1100. நோட்டைத் திறந்தேன். அவள் எழுத்து. "வலம் 1100. இடம் 1048." பக்கத்தில் குறிப்பு எதுவும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் ஓரத்தில் எழுதிவைப்பது அவள் பழக்கம். இங்கே வெறும் எண்.

ஆகப் பல்லுக்காரர் தப்புச் செய்யவில்லை. அவள் கொடுத்ததைச் செய்திருக்கிறார். டேப்பின் முனையைத் தகட்டில் வைக்காமல், பக்கத்திலுள்ள விளிம்பின் மேல் வைத்திருந்தால் ஐம்பது மில்லிமீட்டர் குறையும். புதிதாக அளப்பவர்கள் செய்யும் தப்பு அது. அவள் புதியவள் இல்லை. பதினோரு நாளும் சாப்பிடாமல் அளந்தவள். பசித்திருக்கலாம்.

அத்தையிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அரை மில்லிமீட்டரா?" என்றார். "அதை யார் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

"நீங்க பாத்தீங்க. சரி. பாத்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா? போனவ தலையில தப்பைப் போட்டு எழுதி என்ன ஆகப்போகுது மாப்ளே?"

"எழுதலேன்னா வெட்டிடுவாங்க. அவ தப்பு இரும்புல நிக்கும்."

அத்தை டம்ளர்களைச் சத்தமாகக் கழுவினார்.

நான் ஷெட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

வாசலில் அவளோடு வேலை பார்த்த ஃபிட்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவளுடைய தோழி. கையைக் கிழிந்த துணியில் துடைத்தபடி வந்தாள். காரணத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மில்லிமீட்டர் மேடம் அளந்ததைச் சரிபார்க்கவா வந்தீங்க? தெரிஞ்சா எழுந்து வந்து உதைப்பா அண்ணா."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பரவாயில்லை என்று தலையசைத்தேன். நிஜமாகவே பரவாயில்லை. எட்டு மாதத்தில் யாரும் அவளை வைத்து ஜோக் அடிக்கவில்லை.

"எந்த நம்பர்?"

நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன். 6043.

அது நாலாவது பாதையில் நின்றது. தோழி மேலே ஏறி டேப்பின் முனையைத் தகட்டில் அழுத்திப் பிடித்தாள். நான் கம்பியில் படித்தேன். முதலில் வலப்பக்கம். 1100. சுற்றி இடப்பக்கம் வந்தோம்.

1048.

"என்ன, மூஞ்சி மாறுது?" என்றாள்.

"நாற்பத்தெட்டு. அவ எழுதினதேதான்."

"ஆமா, இது குட்டைக் கம்பி. வேற வகை இஞ்சினோடது. ஆறு வருஷம் முன்னாடி பக்கத்துப் பாதையில வந்த ஒண்ணு உரசிட்டுப் போச்சு. கம்பி மொத்தமும் போயிடுச்சு. அன்னைக்கு ஸ்டோர்ல இருந்தது இதுதான். மாட்டிவிட்டோம். அப்புறம் யாரு கழட்டறா?"

"அதை அவ நோட்டுல எழுதலையே."

"இதுல எழுத என்ன இருக்கு? தினமும் பிடிச்சு ஏறற கம்பி. உங்க வீட்டு மாடிப்படி எத்தனைன்னு யாராவது எழுதி வைப்பாங்களா?"

அடுத்த பாதையில் 6038 நின்றது. அதையும் அளந்தோம். இரண்டு பக்கமும் 1100. வரைபடம் சரி. அவளும் சரி. குறிப்பு ஒன்றை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். வெளியாள் ஒருவன் அளந்திருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருப்பான். அவள் உள்ளாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நாலு மணிக்குப் பல்லுக்காரர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்தார். அத்தை தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். எத்தனை பல்லைப் பிடுங்கணும்?"

"நான் பாத்ததுலேயே நல்ல இஞ்சின் இது" என்றேன். பிரேக் குழாயைப் பற்றிக் கேட்டேன். பல் இடுக்கில் விடும் மெழுகு நூல் என்றார். ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டு, அந்த வளைவிலேயே இறுகவைத்து அச்செடுத்தாராம். காற்றுத் திறப்புகளை, கூரை விசிறியை, கதவுக் கீலைச் சொன்னேன். அவர் காது சிவந்தது.

"அப்புறம் ஒண்ணு தப்பு."

"கைப்பிடிக் கம்பியா? எனக்கும் சந்தேகமா இருந்தது. நோட்டுல அப்படித்தான் இருந்தது, அதனால அவங்க மேல நம்பிக்கை வெச்சு..."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பி சரி. நம்பர் தப்பு. பக்கவாட்டுல 6001-னு எழுதியிருக்கீங்க."

"முதல் இஞ்சின் சார் அது. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க."

"அவ அளந்தது 6043-ஐ. அதுக்கு மட்டும்தான் இடப்பக்கம் குட்டை." ஷெட்டில் நடந்ததைச் சொன்னேன். "6001 வேணும்னா கம்பியை உயர்த்தணும். 6043-ன்னா எதையும் தொடவேண்டாம்."

பல்லுக்காரர் இஞ்சினை எடுத்து இடப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தக் கம்பியைத் தொட்டும் தொடாமலும் தடவினார்.

"நாற்பத்துமூணுதான்" என்றார். "உலகத்துல ஒரே ஒரு இஞ்சின். அதைப் போய் நேராக்குவாங்களா?"

அத்தை எழுந்து இன்னொரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை.

பல்லுக்காரர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்கும் துண்டுத்தாள். அளவெடுத்தவர் என்று அவள் பெயர். அதன் கீழே, மேற்கோள் குறிக்குள் ஒரு வரி: 'என் இஞ்சினை முடிச்சிடச் சொல்லுங்க.'

"அம்மா சொன்னாங்க" என்று அத்தையைக் காட்டினார். "அவங்க கடைசியாப் பேசினது இதுதான்னு. போடலாமான்னு உங்களைக் கேக்கணும்."

அந்த வரி எனக்குத் தெரியும். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தை சொன்னது. அவள் கடைசியாகப் பேசியபோது அவர் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில், பஸ்ஸில் இருந்தார். முதல் நாள், "அப்படித்தான் சொல்லியிருப்பா" என்றார். ஒரு வாரத்தில் அது 'சொன்னா' ஆனது. நான் திருத்தவில்லை. எதையும் திருத்தும் நிலையில் அப்போது இல்லை.

"இது வேண்டாம்" என்றேன்.

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றார் அத்தை.

"நல்லா இருக்கு. அவ சொல்லல."

பல்லுக்காரர் சக்கரங்களை ஆராயத் தொடங்கினார். அத்தை முந்தானையால் மேசையின் ஈரத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துடைத்தார்.

"உள்ள இருந்தது நீங்கதான்" என்றார். "என்னதான் சொன்னா? இத்தனை நாளா நானும் கேக்கல."

சொன்னேன். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகக் கால் மணி நேரம் இருந்தது. சாதாரண ஆபரேஷன் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். கட்டில் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்துத் தரச் சொன்னாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, அட்டையை என்னிடம் நீட்டி, ஒன்று சொன்னாள். நான் அதோடு கவுன்டருக்குப் போனேன். நர்ஸ் சிரித்தார், அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். நான் திரும்பியபோது கட்டில் அங்கே இல்லை. கொண்டுபோயிருந்தார்கள். அவள் கண் விழிக்கவில்லை.

அவள் சொன்னது இது:

"என் உயரம் நூத்தி அறுபத்திரண்டுன்னு போட்டிருக்காங்க, அறுபத்தொண்ணுதான். போய் மாத்தச் சொல்லுப்பா."