பிரபு தந்த துப்பாக்கி

அப்பா இறந்தபின் அந்த இரட்டைக்குழல் துப்பாக்கி எனக்கு வந்தது. ஆற்றில் விழுந்த ஓர் ஆங்கிலேயப் பிரபுவைக் காப்பாற்றியதற்காகக் கொள்ளுத்தாத்தாவுக்குக் கிடைத்த பரிசு என்று வீட்டில் சொல்வார்கள். அமெரிக்காவில் எங்கள் தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்கும் சனிக்கிழமை அதை ஒருமுறையாவது சுட வேண்டும் என்றார் ஆர்னே பெரியப்பா. எழுபத்தெட்டு வயது. தோட்டாக்கள்கூட வாங்கிவிட்டார்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று குழல்களைக் கழற்றினேன். அடியில் பெல்ஜியத்தில் சோதித்ததற்கான முட்டை வடிவ முத்திரை இருந்தது. மேலே தயாரிப்பாளர் பெயராகப் பொறித்திருந்த ஆங்கிலப் பெயர், பழைய இரும்புக்கடை விலைப்பட்டியல் ஒன்றில் முள்கம்பிக்கும் பால்கேனுக்கும் நடுவில், மலிவு விலைத் துப்பாக்கியின் பெயராக அகப்பட்டது. குழல்கள் இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றிச் செய்தவை. இன்றைய வீரியமான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் வெடித்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் காட்டினேன்.

"காலேஜைப் பாதியில விட்டவன் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா?"

"சுட்டா இடது கை போயிடும், பெரியப்பா."

பட்டியலை வெகுநேரம் பார்த்தார். "அப்ப அந்தப் பிரபு?"

"இரும்புக்கடைக்காரராத்தான் இருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு உன் துப்பாக்கியைக் குடு" என்றார்.

மறுநாள் சோளக்காட்டு ஓரத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் லைல் பெரியப்பாவிடம் கேட்டார்: "எங்கடா பிரபு துப்பாக்கி? ஊர் பூரா தம்பட்டம் அடிச்சியே?"

"அதைப் போய் இந்தச் சேத்துக்கு எடுத்துட்டு வருவாங்களா? அதோட அருமை உனக்கு என்னடா தெரியும்!" என்றார் பெரியப்பா.

என் பக்கம் அவர் திரும்பவில்லை. நான் நாயை அவிழ்த்துவிட்டேன்.