மெஷின் இல்லாத பத்தொன்பது நாட்கள்

தண்டனை அறிவித்த மறுநாள் காலை, பதக்கங்களைத் திருப்பி வாங்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். கல்லூரியின் பெண்கள் பளுதூக்கும் அணி நான்கு வருடங்களுக்கு எந்தப் போட்டியிலும் இறங்கக் கூடாது. மூன்று வருடங்களாக வாங்கிய பதக்கங்கள் எல்லாம் விளையாட்டுச் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். தப்புச் செய்தவன் ஒருவன், அதை மூடி மறைத்தவன் ஒருவன், பதக்கத்தைக் கழற்றிக் கொடுப்பது பதினோரு பெண்கள். பெரிய மனிதர்களின் நியாயம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

கருவி அறைக்குப் பொறுப்பு நான். இரும்புத் தட்டுகள், கம்பிகள், பெல்ட்டுகள், எடை பார்க்கும் மெஷின் எல்லாவற்றின் சாவிகளும் என் இடுப்பில் தொங்கும். அதனால் பெண்கள் எனக்கு வைத்த பெயர் சாவியக்கா. அன்று ஒருத்தியும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. ஒருத்தி பதக்கத்தை மேசையில் எறிந்தாள். அது உருண்டு கீழே விழ, நான் குனிந்து எடுத்தேன். இன்னொருத்தி, "இப்ப உங்களுக்கு நிம்மதியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். வரிசையில் கடைசியாக நின்றது என் மகள்.

அவளிடம் வருவதற்கு முன் கோச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத என் கை வராது, மன்னிக்கவும்.

பளுதூக்குதலில் எடைப் பிரிவுதான் எல்லாம். நூறு கிராம் கூடினாலும் பிரிவு மாறிவிடும். அதனால் தினமும் காலை ஆறு மணிக்குப் பெண்கள் ஒவ்வொருவராகக் கருவி அறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குள் போய், மேல் உடுப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறுவார்கள். அந்த நேரத்தில் அறையில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அந்தப் பெண் நான். ஆறு அடித்ததும் கோச் வருவான், "அக்கா, கைக்குப் போடுற பவுடர் தீர்ந்துபோச்சு, எடுத்துட்டு வாங்க" என்பான். பவுடர் வைத்திருக்கும் கிடங்கு மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம். டப்பா நிறையப் பவுடர் இருக்கும்போதே நான் போனேன். மூன்று வருடம் போனேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் என் வாய் வெந்து போகும். தெரிந்தது என்று சொல்லவும் என்னிடம் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தால்தானே தெரிந்ததாகும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பார்க்காமல் இருக்கத்தான் நடந்தேன்.

அணியில் இருப்பதிலேயே எடை குறைந்த பிரிவுக்காரி ஒரு பெண். நாற்பத்தைந்து கிலோ இருந்தாலே பெரிது, எல்லோரும் குருவி என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் குருவி வாய்தான், ஒரு நிமிடம் சும்மா இருக்காது. அவள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனதை எல்லோரும் பார்த்தோம். ஒருநாள் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நாளைக்கு மட்டும் நீங்க பவுடர் எடுக்கப் போகாதீங்க" என்றாள். சரிம்மா என்றேன். மறுநாள் ஆறு மணிக்கு கோச் சொன்னான், போனேன்.

அதற்கு அடுத்த வாரம் குருவி தானே விளையாட்டு டைரக்டரிடம் போய் எழுதிக் கொடுத்தாள். அந்த ஆள் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்து, நீ என் மகள் மாதிரி என்று தலையைத் தடவி அனுப்பினார். அன்று மாலையே அவள் அப்பாவுக்கு போன் போட்டார். உங்கள் பெண்ணால் எடையைக் கட்டுக்குள் வைக்க முடியவில்லை, பழியைக் கோச் மேல் போடுகிறாள், படிப்பாவது மிஞ்ச வேண்டுமென்றால் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜாதி அந்த ஆள். குருவி விடுதியைக் காலி செய்த அன்று அவள் பெட்டியைத் தூக்கிவிடக்கூட நான் போகவில்லை. கிடங்கில் வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் குருவி விடவில்லை. வீட்டிலிருந்தே சங்கத்துக்கு எழுதினாள். சங்கம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவைப் போட்டது. தலைவி ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா. எடை பார்க்கும்போது ஒரு பெண் உடன் இருந்ததற்கு, கடைசி ஒன்றரை வருடத்தின் தினசரிப் பதிவேடு எங்கே என்று அவர் கேட்டு எழுதியபோதுதான் டைரக்டருக்கு வியர்த்தது. அப்படி ஒரு பதிவேடே எங்களிடம் கிடையாது.

டைரக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு பழைய நோட்டு, நான்கு விதப் பேனாக்கள். எதிரில் கோச், கையில் போட்டிகளின் கோப்பு. "தேதி போட்டு எழுதிக்கிட்டே வாங்க, கடைசியில உங்க கையெழுத்து" என்றார் டைரக்டர். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு அறுபத்திநாலு கிலோவுல நல்லா வர்றா. அடுத்த மாசம் தேசிய ட்ரையல்ஸ் இல்ல?" என்றார். நான் உட்கார்ந்தேன். என் மகளின் அப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து அவள் தோளில் இருந்த பலத்தைத் தவிர எங்கள் வீட்டில் நம்புவதற்கு வேறெதுவும் இல்லை.

இரண்டு நாள் எழுதினேன். கோச் எண்களைச் சொல்வான், நான் போடுவேன். இடையிடையே டைரக்டர் குருவியின் கடிதத்தை வாசித்து நையாண்டி செய்வார். அதில் ஒரு வரி அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மெஷின் இல்லாத நாட்களில்கூட எடை பார்க்க வா என்று கோச் எங்களை உள்ளே கூப்பிட்டார் என்று குருவி தேதிகளைப் போட்டு எழுதியிருந்தாள். டைரக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "மெஷினே இல்லாம எடையாம். இந்த ஒரு வரி போதும், பொண்ணுக்குப் புத்தி பேதலிச்சிருக்குன்னு காட்ட. அந்த மாசத்துல ஒருநாள்கூட விடாம எழுதுங்க."

அந்த மாதத்தில் மெஷின் அங்கே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்து முத்திரை குத்தி வாங்க வேண்டும். நான்தான் வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே ஏதோ ஒரு பாகம் கெட்டிருந்து, பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தது. டைரக்டருக்கு இது தெரியாது, அவர் அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கோச்சுக்குத் தெரியும். ஆனால் சொன்னால், பிறகு எதற்கடா பெண்களைக் கூப்பிட்டாய் என்ற கேள்வி வரும். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாற்பத்திநாலு புள்ளி எட்டு என்று ஆரம்பித்தான். நான் எழுதினேன். பத்தொன்பது நாளுக்கும் எழுதினேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், வெறும் வயிற்றெரிச்சல். விழப்போகிற கிணற்றை அவர்களே வெட்டட்டும் என்று இருந்துவிட்டேன்.

மெஷினைக் கொடுத்தபோது வாங்கிய சீட்டு என் மேசை இழுப்பறையில் கிடந்தது. கொடுத்த தேதி, திரும்ப வாங்கிய தேதி, அலுவலக முத்திரை எல்லாம் அதில் இருந்தன. அதைக் காட்டினால் பதிவேடு பொய், குருவி உண்மை. அணி ஒழியும், என் மகளின் ட்ரையல்ஸும் ஒழியும். ஒரு துண்டுக் காகிதம் இவ்வளவு கனக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

விசாரணைக்கு முந்தைய நாள் மாலை வீட்டில் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் பைக்குள் கைப்பட்டைகளைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நாலு வாரம்தாம்மா. ட்ரையல்ஸ் முடியட்டும், அப்புறம் என்ன வேணாலும் சொல்லு" என்றாள். அவள் சொன்னதும் எனக்குச் சரியென்றே பட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூன்று வருடமாகக் கேட்காத ஒன்று என்னை மீறி வாயில் வந்துவிட்டது. அந்தப் பத்தொன்பது நாளும் உன்னையும் கூப்பிட்டானா என்று கேட்டேன்.

அவள் கைப்பட்டையைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுருட்டினாள். "எல்லாரையும்தான்" என்றாள்.

விசாரணை, கல்லூரியின் கூட்ட அறையில் நடந்தது. ஒரு பக்கம் டைரக்டரும் கோச்சும், இன்னொரு பக்கம் குருவியும் அவள் அப்பாவும். குருவி இன்னும் மெலிந்திருந்தாள். டைரக்டர் அரைமணி நேரம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். பிறகு பதிவேட்டை விரித்து, மெஷின் இல்லாத நாட்கள் என்று இந்தப் பெண் சொல்கிற தேதிகளைப் பாருங்கள், ஒவ்வொரு நாளும் எடை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்று குரலை உயர்த்தினார். நீதிபதி அம்மா நோட்டை என் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுதுதாம்மா. நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து, ரெண்டு நாள்ல போட்டது" என்றேன். இடுப்பில் செருகியிருந்த சீட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இந்தத் தேதியில மெஷின் இங்க இல்ல. நான்தான் கொண்டுபோனேன்."

நீதிபதி அம்மா சீட்டையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். டைரக்டர் கோச்சின் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்ததற்காக அல்ல, தன்னிடம் மெஷின் விஷயத்தைச் சொல்லாததற்காக அவ்வளவு கோபம். "மெஷின் இல்லாத இடத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்று நீதிபதி அம்மா கோச்சைக் கேட்டார். அவன் தண்ணீர் கேட்டான். யாரும் கொடுக்கவில்லை.

கோச்சைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. டைரக்டருக்கு வேலை போனது. உண்மையைச் சொன்னதால் எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அணியை ஒழித்தால்தான் மற்ற கல்லூரிகளுக்குப் பயம் வரும் என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். வெளியே வரும்போது குருவி என்னைக் கடந்து போனாள். நன்றி என்று சொல்லியிருந்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன்.

பதக்கங்களைப் போட்டு வைத்த அட்டைப்பெட்டிக்கு முன்னால் இப்போது என் மகள் நின்றாள். மூன்று பதக்கங்கள். அவள் எறியவில்லை. நாடாக்களைச் சிக்கெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். பதக்கம் திருப்பிக் கொடுத்தவர்களின் பட்டியலில் பதினோராவது வரியில் அவள் பெயரை எழுதிவிட்டுப் பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை.

அவளாகவே பேசட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ட்ரையல்ஸைக் கெடுத்துவிட்டேன் என்று என்மேல் கோபமா என்று கேட்டேன்.

"அதுக்குக் கோபம் இல்லம்மா" என்றாள். "நீதானே மெஷினை வண்டியில ஏத்தி விட்ட. உள்ள எடை பார்க்கலைன்னு உனக்குத் தெரியும். அந்தப் பத்தொன்பது நாளும் நீ ஏம்மா பவுடர் எடுக்கப் போன?"

நீதிபதி அம்மா கேட்காத கேள்வி அது. குழுவில் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. அந்தச் சீட்டை என் கையால் கொடுத்தபோது எனக்கும்கூடத் தோன்றவில்லை, அல்லது தோன்றவிடாமல் வைத்திருந்தேன். சொல்வதற்கு ஆயிரம் காரணம் தயாராக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றுதான் வெளியே வந்தது.

"பயந்தேன்டி."

"நாங்களும்தாம்மா பயந்தோம்" என்றாள். "உனக்குப் போறதுக்குக் கிடங்கு இருந்துச்சு."

அவள் போய்விட்டாள். பிறகு பட்டியலை இழுத்து, பன்னிரண்டாவது வரியில் என் பெயரை எழுதினேன். எதிரில் பதக்கம் என்ற இடத்தில் சாவிக்கொத்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்து, அவள் வைத்த பதக்கங்களின் மேல் வைத்துப் பெட்டியை மூடினேன்.