கிடாருக்கு வந்த பல் டாக்டர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கிடாரின் கதை சொல்கிறேன். தன் கிடார் பெரிய பாடகர் ஒருவரின் கையெழுத்தோடு அந்தக் காலத்தில் வந்தது என்று ஒரு பெரியவர் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தார். ஆனால் கிடாரை வாசித்து வாசித்து, மேல்பலகையிலிருந்த கையெழுத்தை அவர் கையே தேய்த்து அழித்துவிட்டது.

"கையெழுத்து தேஞ்சாலும் அத்தானோட புளுகு தேயலையே!" என்று அவர் மனைவியின் தம்பி சிரிப்பார்.

ஒருநாள் வீடு நிறைய உறவுக்காரர்கள் முன்னால் அப்படிச் சிரிக்கவும், பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இன்னிக்கு உண்மை தெரியலேன்னா இனிமே இதைத் தொடவே மாட்டேன்!"

சொல்லிவிட்டு, கிடாரை மடியில் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

மருமகள் பல் டாக்டர். வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை எடுத்துவந்து, டார்ச் அடித்து, கிடாரின் துளைக்குள் விட்டாள்.

"நல்லா ஆ காட்டு, ராசா!"

மேல்பலகையின் உள்பக்கத்தில் இன்னொரு கையெழுத்து இருந்தது. கண்ணாடியில் தெரிந்ததைப் போனில் படமெடுத்து, இடம் வலமாகத் திருப்பிக் காட்டினாள். வீட்டிலிருந்த அந்தப் பாடகரின் இசைத்தட்டு உறையில் அச்சாகியிருந்த கையெழுத்தின் அதே சுழி, அதே வால்!

தம்பி அவளிடம் வந்து வாயைத் திறந்தார். "முப்பது வருஷமா சிரிச்ச பல்லும்மா. இதையும் பாத்துடு."

பெரியவர் அதற்குள் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் வீட்டிலும் சொன்ன சொல் மெய்யாகட்டும், சிரிப்பு தேயாமல் இருக்கட்டும்.