மாமியார் காட்டிய சிவப்பு

"மாமியார் இன்னைக்கு எத்தனை சிவப்பு காட்டினாங்க, அக்கா?"

புல்லாங்குழல் வாத்தியார் கேட்டுக்கொண்டே ஆசிரியர் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமியார் என்றது இசைப் பள்ளியில் போன வருடம் வகுப்புக்கு ஒன்றாக வாங்கி வைத்த செயற்கை நுண்ணறிவுக் கருவியை. பிள்ளைகள் வாசிக்க வாசிக்க அது கேட்கும். சரியான சுரத்துக்குத் திரையில் பச்சை, தப்பான சுரத்துக்குச் சிவப்பு. ஏறிவிட்டதா இறங்கிவிட்டதா என்றும் சொல்லும். எதைச் செய்தாலும் குறை கண்டுபிடிக்கிறதென்று அவர் வைத்த பெயர் அது.

வயலின் டீச்சர் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்களுக்கு என்னைக்கு மனசு குளிர்ந்திருக்கு?"

"எங்களுக்குத்தான் மாமியார். உங்களுக்குப் பெத்த தாய். ஒரு நாளாவது ரெண்டு பேருக்கும் சண்டை வந்திருக்கா?"

சிரிக்க வேண்டிய இடம் என்று அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. சிரித்தாள்.

அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்து பேசினால் பேச்சு ஓரளவு பிடிபடும். மேல் சுரங்கள்தான் முதலில் போயின. பிள்ளைகள் மேல்சுரத் தந்தியில் வில்லைப் போட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிப்பதுபோல் கை மட்டும் அசையும். காதில் மாட்டும் மெஷின் ஒன்றும் வாங்கிப் பார்த்தாள். வயலின் தகரத்தைச் சுரண்டுவதுபோல் கேட்டது, கழற்றிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் மாமியார் வந்து சேர்ந்தது. மற்ற வாத்தியார்கள் முகம் சுளித்தபோது அவள் மட்டும் "வரட்டுமே" என்றாள். திரையை ஓரக்கண்ணால் பார்த்து, தலையை ஆட்டி, "இந்த இடம் கொஞ்சம் ஏறிடுச்சும்மா" என்று சொல்லப் பழகிக்கொண்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அன்று சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டார்.

"உக்காருங்க டீச்சர். குழல் வகுப்புப் பிள்ளைங்க வாசிச்ச பதிவையெல்லாம் உங்களுக்குக் குடுத்து மார்க் போடச் சொன்னேன்ல?"

"ஆமா சார்."

"குழல் வாத்தியார் ஒண்ணு சொல்றார், கருவி ஒண்ணு சொல்லுது. நடுவுல உங்களைக் கேட்டேன். நீங்க எல்லா இடத்துலயும் கருவி சொன்னதையே சொல்லியிருக்கீங்க. அப்போ காது யாருக்குச் சரியில்ல?"

அந்தப் பதிவுகளைத் தன் வகுப்பறையில், மாமியார் முன்னால்தான் ஓடவிட்டிருந்தாள். திரையில் வந்ததைப் பார்த்து எழுதினாள்.

"அவரை நிறுத்திடலாம்னு இருக்கேன். வகுப்பைக் கருவி பார்த்துக்கும், மேற்பார்வைக்கு நீங்க. காலையில அவர்கிட்ட சொல்லும்போது கூட இருங்க. முப்பது வருஷம் கேட்ட காது சொன்னா எதிர்த்துப் பேச மாட்டார்."

"சரி சார்." வாய் தானாகச் சொல்லிற்று.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும்தான் காது விஷயம் தெரியும்.

"உன் வேலை இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"குழல்காரன் போறான்."

"சின்ன வயசு. எங்கயாவது போய் ஊதிப் பொழைச்சுக்குவான்."

"காது சரியில்லாதவன்னு பேர் வாங்கிட்டுப் போனா எவன் கூப்பிடுவான்?"

அவர் சட்டைக் கையை உள்ளே மடித்தார். "சொல்லப் போறியா? சொல்லிட்டு என்ன பண்ணுவ?"

"தெரியல."

"பயமா இருக்கா?"

யோசித்துப் பார்த்தாள். பயம், வெட்கம், ஐயோ பாவம் என்ற எண்ணம், எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல் உள்ளே கனத்துக் கிடந்தது. தொட்டால் தொட்டது தெரிந்தது, அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லங்க. நீங்க மடிங்க."

காலையில் முதல்வர் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். புல்லாங்குழல் வாத்தியார் குனிந்தபடி கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த ரெட்டைஜடைப் பொண்ணு வாசிச்சதைக் கேட்டீங்கல்ல? சுரத்தைக் கீழேயிருந்து மெதுவா இழுத்துட்டுப் போய் நிறுத்துவா. அது தப்பா?"

"அதைத்தான் அவங்க..." என்று முதல்வர் ஆரம்பித்தார்.

"நீங்க இருங்க சார். அக்கா தப்புன்னு சொல்லட்டும், இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன்."

"எனக்குத் தெரியாதுப்பா," என்றாள்.

"கேட்டீங்கதானே?"

"திரையைப் பார்த்தேன். சிவப்பு இருந்துச்சு, தப்புன்னு எழுதினேன்."

"ஏன் கேக்கல?"

"காது கேக்கல."

பஸ் போய்விட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். முதல்வர் பேனாவை மூடினார்.

"எவ்வளவு நாளா?"

"கருவி வர்றதுக்கு முன்னாடியே."

"அப்போ போன பரீட்சையில வயலின் பிள்ளைங்களுக்குப் போட்ட மார்க்?"

"மாமியார் போட்டது."

"யாரு?"

"கருவி, சார்."

யாரும் சிரிக்கவில்லை. முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். "வெளியாள் ஒருத்தரை வெச்சு எல்லாத்தையும் முதல்லேர்ந்து கேக்கணும். இவர் தன் வகுப்பை எடுக்கட்டும். நீங்க..." மீதியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவளுக்குப் பிடிபடவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்லி அவள் கேட்கவில்லை. ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

நடைபாதையில் புல்லாங்குழல் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"போன மாசம் கச்சேரியில நான் வாசிச்சப்போ முன்வரிசையில உக்காந்து கண்ணைத் தொடைச்சீங்க. வீட்டுல போய்ப் பொண்டாட்டிகிட்டகூட சொல்லிப் பீத்திக்கிட்டேன்."

"ம்."

"கேட்டுச்சா அக்கா?"

"இல்லப்பா. உன் மூஞ்சியைப் பார்த்தேன்."

அவர் குழல் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது; அந்த நினைப்பும் மனசில் தங்கவில்லை.

"மத்தியானம் என்கிட்ட ஒரு பொண்ணு வருவா," என்றாள். "ஒரு வருஷமா வர்றா. ஒரு தடவை நீ வந்து கேக்கறியா? அவ நல்லா வாசிக்கிறாளா இல்லையான்னு எனக்கு நெஜமாவே தெரியாது."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டுத் தன் வகுப்புக்குப் போனார். அவள் அறைக்குப் போய், வாசித்து முடித்தவர்கள் செய்வதுபோல் வில்லின் முடியைத் தளர்த்திப் பெட்டிக்குள் வைத்தாள்.