ஏழாவது வாக்கியம்

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் லிஃப்ட்காரருக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மூன்று மணிக்குத்தான் இத்தாலிக்காரன் வருவான். பேக்கரிகளுக்குப் பெரிய பெரிய அடுப்புகளைப் பொருத்துகிறவன். அடுப்பை எப்படி இயக்குவது என்று வேலையாட்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தெரிந்தால்தான் வேலை நிலைக்கும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அதனால் லிஃப்ட்காரரின் மனைவியிடம், தெருவே டீச்சரம்மா என்று கூப்பிடுகிறவளிடம், முன்னறையில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்கிறான்.

கற்கட்டும். யார் வேண்டாம் என்றது? ஆனால் அவள் சொல்லிக் கொடுக்கிற அழகு இருக்கிறதே, அதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. அவன் ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு ‘அ’வைத் தொங்கவிடுவான். ‘ஹாட்ட’ என்பான், ‘பிரெட்ட’ என்பான். அவள் முகம் சுளிக்க மாட்டாள். “ஒன்ஸ் மோர்” என்பாள். மறுபடி தப்பு வரும். மறுபடி “ஒன்ஸ் மோர்.” எட்டாவது தடவையும் அதே குரல், அதே பொறுமை. உள்ளறையில் ஒரு பழைய மோட்டாரைத் துடைக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் வராது? மூன்று வருஷத்துக்கு முன்னால் இவரும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். சூப்பர்வைசர் வேலைக்கு ஆங்கிலத்தில் நேர்முகத் தேர்வு வந்திருந்தது. இவருடைய சொற்களுக்கு வால் ‘உ’. ‘லிஃப்ட்டு’, ‘டோரு’, ‘ஸ்டாப்பு’. அவள் தம்பி வந்திருந்த ஒரு நாள், அவன் எதிரில் இருக்கிறானே என்றுகூடப் பார்க்காமல் அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவனும் சேர்ந்துகொண்டான். அன்றைக்கு எழுந்தவர்தான். தேர்வுக்கும் போகவில்லை, அந்த நாற்காலிக்கும் போகவில்லை. போகப் போக வீட்டுப் பேச்சும் சுருங்கிப்போயிற்று. “சாப்பாடு”, “சாவி”, “வரேன்.” மூன்று வருஷமாக இந்த மூன்று சொல்லில் குடும்பம் நடத்துகிற மகராசன் அவர். கேட்டால் ரோஷமாம்.

அந்த வியாழக்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். மேஜைமேல் கிடந்த அவள் போனில் இத்தாலிக்காரன் அனுப்பிய குரல் பதிவு ஒன்று வந்து நின்றது. தொடலாமா கூடாதா என்று இவர் யோசித்து முடிப்பதற்குள் விரல் அமுக்கிவிட்டது. லிஃப்ட் கம்பெனியின் ஆங்கிலக் கையேடுகளைப் படித்து, லிஃப்ட் பழுது பார்த்தே பிழைப்பவர். பேசத்தான் வராதே தவிர, கேட்டால் புரியும்.

“தினமும் உனக்காகக் காத்திருக்கிறேன்” என்றது அந்த வால் முளைத்த ஆங்கிலம். “நீ வந்தால்தான் வீட்டுக்கு உயிர் வருகிறது. உன் பக்கத்தில் உட்கார ஆசையாக இருக்கிறது.”

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பதிவைப் பாதியிலேயே நிறுத்திப் போனை வைத்துவிட்டு, “வரேன்”கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

அன்றைக்கு ஒரே லிஃப்ட் கதவை மூன்று தடவை கழற்றி மாட்டினார். அழுதாரா என்று என்னைக் கேட்காதீர்கள். லிஃப்ட் குழிக்குள் இறங்கி நிற்கிறவரின் முகம் மேலே இருப்பவனுக்கு எங்கே தெரிகிறது? அவள் கைவிட்டுப் போய்விட்டாள் என்ற ஒரே நினைப்புதான் அவருக்கு.

சனிக்கிழமை டீச்சரம்மா ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். இத்தாலிக்காரன் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து மணியடித்தான். லிஃப்ட்காரர் கதவைத் திறந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கூட்டிப் பெருக்கி, பதிவில் கேட்ட மூன்று வாக்கியங்களையும் அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டு, “என் பொண்டாட்டிகிட்ட இதச் சொல்ல உனக்கு என்ன தைரியம்?” என்று கேட்டார்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்களும் கேட்டீங்களா சார்? உச்சரிப்பு தேவலையா?”

அவன் பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். ஒன்று முதல் பத்து வரை வாக்கியங்கள். எல்லாம் அவள் கையெழுத்து.

“புத்தகத்துல இருக்கறது மனசுல நிக்காதுன்னு மேடமே வாராவாரம் எழுதித் தராங்க. நான் படிச்சுப் பதிவு பண்ணி அனுப்பணும். அதான் வீட்டுப்பாடம்.”

மனைவியின் பாடம் எப்படி நடக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் இது இவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால்தானே.

“இதுல ஒரு ஆள் வராரு சார்” என்றான் இத்தாலிக்காரன், தன் திக்குகிற ஆங்கிலத்தில். “எல்லா வாரமும் அவர்தான். சாப்பிடறாரு, சாவிய எடுக்கறாரு, போறாரு. இவங்க என்ன கேட்டாலும் பதிலே பேச மாட்டேங்கறாரு. எனக்குச் சந்தேகமாப் போச்சு. அவர் செத்துட்டாரான்னு மேடத்தையே கேட்டுட்டேன்.”

லிஃப்ட்காரர் தாளிலிருந்து நிமிர்ந்தார். “என்ன சொன்னாங்க?”

“அடுத்த வாக்கியத்தப் படிங்கன்னாங்க.”

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாகத் தொடாத அதே நாற்காலி. தாளில் முதல் மூன்றும் அவர் கேட்டவை. மிச்சத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனார். ஏழாவது இப்படி இருந்தது: ‘அன்று என் தம்பியின் முன்னால் நான் சிரித்திருக்கக் கூடாது.’

அதை அவர் நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கும்போது டீச்சரம்மா உள்ளே வந்தாள். நாற்காலியில் யார் இருக்கிறார், கையில் எது இருக்கிறது என்று பார்த்தாள். “என்னங்க…” என்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இத்தாலிக்காரன் இவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அடுப்புக்காரனுக்குச் சூடு தெரியாதா? சத்தமில்லாமல் பால்கனிக்கு நழுவிவிட்டான்.

லிஃப்ட்காரர் தாளை மேஜைமேல் வைத்தார். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த இடத்தில் நின்றுபோனதோ அங்கிருந்துதான் அவருக்குத் தொடங்கத் தோன்றியது.

“ஐ… வில்லு… டாக்கு.”

அவள் சிரிக்கவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் எப்போதும்போல் இருந்தது.

“ஒன்ஸ் மோர்” என்றாள்.