நூல் மீட்பு

நெசவுப் பயிற்சி நிலையத்துக்குள் காலை வைத்தாலே நாகேஸ்வரிக்குக் குமட்டும். நூலுக்குப் பூசிய கஞ்சி புளித்துப்போன நாற்றம். கீரிமலைக் கரையில் மீன் உலர்த்திப் பிழைக்கிற குடும்பத்துப் பெண்ணுக்கு நாற்றம் புதிதில்லைத்தான். ஆனால் கருவாட்டு நாற்றம் சோறு போட்டது. இது களவு நாற்றம்.

அரசாங்கம் நூல் அனுப்பாமலில்லை. கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பயிற்றுநர் ஆழ்வாப்பிள்ளை மாஸ்டர் கண்துடைப்புக்குக் கொஞ்சத்தை வெளியில் வைத்துவிட்டு, மிச்சத்தை வெங்காயச் சாக்குகளில் அடைத்துச் சுன்னாகம் சந்தைக்குப் போகும் லொறியில் ஏற்றிவிடுவார். துணிக்குப் பஞ்சம் பிடித்த காலம். நூலுக்குப் பொன்னின் மவுசு. பழக வந்த பெண்களோ காலையில் நெய்தார்கள். பின்னேரம், நெய்ததை இழை இழையாக அவிழ்த்து மறுபடி கண்டாகச் சுற்றினார்கள். மறுநாளும் அதே நூல். இந்தக் கூத்துக்கு மாஸ்டர் வைத்த பெயர் 'நூல் மீட்பு'. நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்று, அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்பார், கூச்சமே இல்லாமல்.

"இண்டைக்கும் மீட்போ மாஸ்டர்?" பக்கத்துத் தறி மக்டலீன் நக்கலாகக் கேட்பாள்.

"ஓம் பிள்ளை. பழகப் பழகத்தானே கை வரும்."

நாகேஸ்வரி வாய் திறப்பதில்லை. முப்பது தாண்டியும் கலியாணமாகாமல், தமையன் வீட்டில் மச்சாளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்கிறவள் அவள். பயிற்சி முடிவில் திறமானவளுக்கு ஒரு தறியும் நூல் பெர்மிட்டும் கிடைக்கும் என்றிருந்தார்கள். அது கிடைத்தால் தனியாக ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதற்காகத்தான் இந்தக் கண்றாவியையெல்லாம் விழுங்கினாள்.

பயிற்சி முடிகிற நேரம் கொழும்பிலிருந்து அதிகாரி வந்தார். கீரிமலைக் கேணியில் குளிக்கிற அவசரம் அவருக்கு. தோளில் துவாயோடுதான் தறிகளைப் பார்த்தார். காரின் பின்பக்கம் மாஸ்டர் உபயத்தில் நீர்வேலி வாழைக்குலைகள் ஏற்கெனவே ஏறிவிட்டிருந்தன. நாகேஸ்வரியின் தறியருகே வந்து, "நீர் என்ன படிச்சனீர்?" என்று கேட்டார்.

குழைந்துகொண்டு நிற்கும் மாஸ்டரைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று.

"காட்டுறன் ஐயா." மயிர் கிளம்பி நைந்துபோயிருந்த துணியை அவர் கண்முன்னாலேயே மளமளவென்று அவிழ்த்தாள். "இதுதான் படிச்சனான். காலமை நெய்யிறது, பின்னேரம் அவிழ்க்கிறது. வந்த நாள் துவக்கம் இந்த ஒரே நூல்தான். மிச்ச நூல் எங்கையெண்டு மாஸ்டரைக் கேளுங்கோ."

மக்டலீன் தலையில் கைவைத்தாள். தறி போய்விட்டது என்று நாகேஸ்வரிக்குத் தெரியும். போகட்டும். சொன்னது நெஞ்சுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அதிகாரிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் அவர் பார்த்தது அவளுடைய விரல்களை.

"ஒரு இழை அறேல்லையே! என்ன கெட்டித்தனம்!" என்று கைதட்டினார். "சிக்கனம் படிப்பிச்சிருக்கிறீர் மாஸ்டர். நாட்டுக்கு இப்ப உதுதான் தேவை. உந்தப் பிள்ளையை உமக்கு உதவிக்கு எடும்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

தறி ஒருத்திக்கும் வரவில்லை. கார் மறைந்தபின் ஆழ்வாப்பிள்ளை அவளிடம் வந்தார். கோபத்தின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"மாசச் சம்பளம், பிள்ளை. வாறியோ, இல்லை, மச்சாளிட்டைப் போறியோ?"

அடுத்த வகுப்புத் தொடங்கிய அன்று அவள் விடியவே வந்து நிலையத்தைக் கூட்டினாள்.

புதிய பெண்களில் ஒருத்தி, முதல்முதலாக நெய்த சாணளவு துணியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதை வெட்டித் தாங்கோவன். வீட்டை கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டிப்போட்டு வாறன்."

மாஸ்டர் கதவடியில் நின்று பார்த்தார். வெளியே லொறி வந்து நின்றது.

"வெட்டேலாது பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி. "இப்ப நூல் மீட்பு நேரம்."

அந்தச் சொல் தன் வாயில் இத்தனை சுலபமாக வருமென்று அவள் நினைத்திருக்கவில்லை. கிணற்றடிக்குப் போய்க் காறித் துப்பினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, அவிழ்த்த நூலைச் சுற்றக் காட்டிக்கொடுப்பதற்குத் திரும்பி உள்ளே போனாள்.