கூப்பிட்டால் வர வேண்டும்

...அதுவும் பட்டாணியாம் பட்டாணி, நாய்க்கு வைக்கிற பெயரா அது, இத்தனை பெரிய மைதானத்தில் நாலு பேர் பார்க்க ஓர் அதிகாரி வாயைத் திறந்து பட்டாணீ என்று கூவ வேண்டுமாம், டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வரிசையில் நிற்கிற எவனாவது இங்கே நின்று கேட்டுத் தொலைத்தால் நாளைக்கு ஆபீசில் தலைகாட்ட முடியுமா? முடியாது, அந்தப் பெயர் தன் வாயிலிருந்து வராது என்று அவர் முடிவுகட்டினார். பெயர் வைத்த மகராசி, அவருடைய மனைவி, மைதானத்தின் அந்தக் கோடியில் பெஞ்சு நுனியில் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரில் வரும்போது நாயைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூப்பிட்டால் வராத நாய் இந்தக் குடியிருப்பில் இருக்கக் கூடாது என்று சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கேட் திறந்த நிமிஷம் பாய்ந்து ஓடி, மூன்றாம் மாடிக்காரரின் ஸ்கூட்டருக்குக் குறுக்கே விழுந்து, மனுஷன் கையில் கட்டோடு அலைகிறார். இன்றைக்கு இந்த நாய்ப் பயிற்சிக்காரி தேறிவிட்டது என்று சொன்னால் நாய் வீட்டுக்கு வரும், இல்லையென்றால் ஊர்க்கோடியில் இருக்கிற காப்பகத்துக்கு. மனைவி கூப்பிட்டு அது வந்தாயிற்று, வாலைச் சுழற்றிக்கொண்டு, வெட்கங்கெட்ட ஓட்டம். வீட்டில் இருக்கிற யார் கூப்பிட்டாலும் வர வேண்டுமாம், மிச்சம் இருப்பது அவர்தான்.

காலக் கொடுமை, நாய்க்கு ஒரு பள்ளிக்கூடம், அதற்கு இந்தக் கும்பல் வேறு... அந்தப் பல் டாக்டரைப் பார், உள்ளங்கை அளவுக்கு ஒரு நாய், அதன் முன்னால் மண்டியிட்டு என் செல்லம் என் தங்கம் என்று குழைகிறான், இவனிடம் எவன் நம்பி வாயைத் திறப்பான்? பயிற்சிக்காரி அவனுக்கு மேல். மகள் வயசு, முழங்கால் முழுக்க மண், பாக்கெட்டில் பிஸ்கட், அவருக்கு, கையை ஆட்டி எத்தனையோ பேரை ஃபெயில் ஆக்கி அனுப்பியவருக்கு, பாடம் எடுத்தாள். "முதல்ல பேரைச் சொல்லுங்க சார், அப்பதான் தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு அதுக்குப் புரியும். அப்புறமா வான்னு சொல்லுங்க. வந்ததும் திட்டாதீங்க, தட்டிக்கொடுங்க. திட்டறதுக்குன்னே கூப்பிட்டா எப்படி சார் வரும்?" வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்? கடித்துக் குதறிய செருப்பைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார், குளிப்பாட்ட, ஊசி போட, ஈரமாக்கிய சோபாவைக் காட்டி நாலு போடக் கூப்பிட்டிருக்கிறார், கொஞ்சுவதற்கா கூப்பிட முடியும்? ஆபீசில் அவர் மணியை அடித்தால் பியூன் வருகிறான், அவனை யார் தட்டிக்கொடுத்தது? வீட்டையே எடுத்துக்கொள்ளலாமே, மனைவியை இங்க வா என்றால் போதும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பாள், சட்டையில் பொத்தான் இல்லை, அலமாரிச் சாவி இடம் மாறியிருக்கிறது, எடுத்துச் சொல்வார், கேட்டுக்கொள்வாள், இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பிஸ்கட் நீட்டியதுண்டா, அதற்காக வராமல் இருந்தாளா? பழக்குவது என்றால் அது பழக்குவது.

"ரெடியா சார்?" என்றாள் பயிற்சிக்காரி, ஒரு பிஸ்கட்டை அவர் உள்ளங்கையில் திணித்துவிட்டு. தூரத்தில் கயிறு அவிழ்த்துவிடப்பட்ட நாய் புல்லை முகர்ந்துகொண்டிருந்தது, எவன் வீட்டுக் கல்யாணமோ என்கிற மாதிரி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெயரெல்லாம் கிடையாது. "வா இங்க!" நாயின் காது நிமிர்ந்தது, அவரைப் பார்த்தது, திரும்பவும் புல். பல் டாக்டர் பார்க்கிறான்... சனியன், மானத்தை வாங்குகிறது. "இங்க வான்னு சொன்னேன்ல!"

பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தாள். எதற்கு எழுந்திருக்கிறாள் இவள், உட்காரச் சொல்ல வேண்டும்... ஆனால் அவள் வந்துகொண்டிருந்தாள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாதி ஓட்டமாக, செருப்பு ஒன்று புல்லில் கழன்றும் நிற்காமல். அவள் நடப்பதைப் பார்த்ததும் நாயும் ஓடி வந்து அவள் காலோடு ஒட்டிக்கொண்டது. கை நீட்டினால் எட்டாத தூரத்தில் அவள் நின்றாள். நாயும் நின்றது, வீட்டிலும் அது சரியாக அந்தத் தூரத்தில்தான் நிற்கும். "என்னங்க... நான் என்ன பண்ணிட்டேன்?"

பயிற்சிக்காரி சிரித்திருந்தால் ஒரு கத்து கத்தியிருக்கலாம், அவள் சிரிக்கவில்லை. "இது கணக்குல சேராது சார். அது அவங்க கூடத்தான் வந்துச்சு," என்றாள், குரலைத் தாழ்த்தி. "இன்னொரு தடவை இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க." பெயர்... வாயைத் திறந்தார். பட்டாணி என்பதுதான் வர வேண்டும், ஆனால் எதிரே நிற்கிறவளின் பெயர் நாக்குக்கு வந்து நின்றது, அதைக் கடைசியாகச் சொன்னது எப்போது? கல்யாணமான புதிதிலா? எதற்காகக் கூப்பிட்டார்? பிஸ்கட் உள்ளங்கை வியர்வையில் நசநசத்தது. கையை நீட்டினார், மெதுவாக. மனைவியும் நாயும் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.